கிருஷ்ணையின் அடியில் ஒரு தலைநகரம்

ஹைதராபாத், சிகந்தராபாதில் நாலு வருஷம் குடியிருந்த தமிழ்க் குடும்பம் எதுவும் நாகார்ஜுன சாகருக்குப் போகாமல் இருந்திருக்காது. விடியற்காலையில் வேன் பிடித்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, நூற்றைம்பது கிலோமீட்டர் போய், அணையைப் பார்த்துவிட்டு, லாஞ்ச் ஏறித் தீவுக்குப் போய்த் திரும்புவது நம்மவர்களின் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. நானும் அப்படிப் பத்துத் தடவைக்குக் குறையாமல் போயிருக்கிறேன். அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது, பழைய செங்கல் கட்டடங்கள் இருக்கின்றன, புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடலாம். இதற்கு மேல் முதல் சில தடவைகள் எனக்கும் ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு தடவை பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனபோது, லாஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் கேட்டாள்: "தாத்தா, இவ்வளவு தண்ணிக்கு நடுவுல மலை மேல போய் எதுக்கு மியூசியம் கட்டினாங்க?" சரியான கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் விழித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் தண்ணீருக்கு நடுவில் மியூசியம் கட்டவில்லை. மலையைச் சுற்றி ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. பள்ளத்தாக்கில் ஒரு தலைநகரம் மண்ணுக்குள் இருந்தது. அதன் மேல் தண்ணீர் வந்தது. வருவதற்கு முன்னால், கிடைத்த ஆறு வருஷத்தில், தோண்ட முடிந்த மட்டும் தோண்டி, தூக்க முடிந்ததைத் தூக்கி மலை மேல் வைத்தார்கள். நாம் லாஞ்சில் போகும் பாதைக்குக் கீழேதான் மிச்சமெல்லாம் இருக்கிறது.

ஆலை, அணை, சுரங்கம், விமான நிலையம் என்று எது வருவதற்கு முன்னாலும் அந்த நிலத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்கிற எண்ணம் இன்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. நம் நாட்டில் அந்த வேலை பெரிய அளவில், முழு மனதோடு நடந்த முதல் இடங்களில் ஒன்று நாகார்ஜுனகொண்டா. எகிப்தில் அஸ்வான் அணைக்காக அபு சிம்பல் கோயிலை அறுத்துத் தூக்கி வைத்த கதையை நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்காக யுனெஸ்கோ உலக நாடுகளிடம் கையேந்தியது 1960-இல். அந்த வருஷம் நாகார்ஜுனகொண்டாவில் அகழாய்வே முடிந்துவிட்டது. அபு சிம்பலுக்கு ஏறத்தாழ நாலு கோடி டாலர் செலவாயிற்று, பல நாடுகள் கொடுத்தன. இங்கே அப்படி யாரும் உண்டியல் குலுக்கவில்லை. நம் தொல்லியல் துறை தன் ஆட்களோடு கூடாரம் அடித்துக்கொண்டு வேலையை முடித்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு அபு சிம்பல் தெரியும், பக்கத்து ஊர் தெரியாது.

பள்ளத்தாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கமும் நல்லமலைத் தொடரின் கிளைக் குன்றுகள், நான்காவது பக்கம் கிருஷ்ணா நதி. உள்ளே சுமார் 23 சதுர கிலோமீட்டர் பரப்பு. அன்றைய சென்னை ராஜதானியில் குண்டூர் ஜில்லா, பல்நாடு தாலுகா. எதிர்க்கரை நிஜாமின் நல்கொண்டா. காட்டுக்குள் ஒதுங்கிக் கிடந்த இடம். 1926-இல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே ஒரு பழைய தூணைப் பார்த்துச் சென்னைக்குத் தகவல் அனுப்பினார். கல்வெட்டுத் துறையில் தெலுங்கு உதவியாளராக இருந்த சரஸ்வதி என்பவர் போய்ப் பார்த்தார். அதே வருஷம் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயும் போய் வந்தார். பல்லவர் வரலாறு படித்தவர்களுக்குத் துப்ரே தெரிந்த பெயர்தான். பிறகு ஏ.எச். லாங்ஹர்ஸ்ட் 1927 முதல் 1931 வரை தோண்டினார். 1938-இல் டி.என். இராமச்சந்திரன் தொடர்ந்தார். நாகப்பட்டினத்துப் பௌத்தப் படிமங்களைப் பற்றி நூல் எழுதினாரே, அதே இராமச்சந்திரன்.

இவர்கள் கண்டுபிடித்தது விஜயபுரி என்ற நகரத்தை. சாதவாகனர் ஆட்சி தளர்ந்த பிறகு, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஏறத்தாழ நூறு வருஷம் இக்ஷ்வாகு மரபினர் இங்கிருந்து ஆண்டார்கள். சாந்தமூலன், வீரபுருஷதத்தன், எகுவல சாந்தமூலன், ருத்ரபுருஷதத்தன் என்று நாலு பேர். மன்னர்கள் வேத வேள்வி செய்தார்கள். அரண்மனைப் பெண்கள் பௌத்தத்துக்கு வாரி வாரிக் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அவரவர் சாமி அவரவருக்கு. அங்குள்ள மகாசைத்தியம் என்ற பெரிய ஸ்தூபத் திருப்பணியில் முக்கியமானவள் சாந்திசிரி, முதல் மன்னனின் தங்கை. அடுத்த மன்னன் வீரபுருஷதத்தன் அவளுக்கு அண்ணன் மகன், மாப்பிள்ளையும் அவனே. கல்வெட்டில் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை பெண்ணைக் கட்டும் வழக்கத்தை வடக்கே நம்மைப் பார்த்து எத்தனை பேர் ஆச்சரியமாகக் கேட்டிருப்பார்கள்! ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கிருஷ்ணா கரையில் ஒரு ராஜாவே கட்டியிருக்கிறார், கல்லிலும் பொறித்திருக்கிறார்கள் என்று இனிமேல் சொல்லலாம்.

நமக்கு வேண்டிய இன்னொரு கல்வெட்டும் அங்கே இருக்கிறது. வீரபுருஷதத்தனின் 14-ஆம் ஆட்சியாண்டில் போதிசிரி என்ற உபாசிகை ஒரு சைத்திய மண்டபம் கட்டி, தாம்பபன்னித் தீவின், அதாவது இலங்கையின், தேரர்களுக்குக் கொடுக்கிறாள். அந்தத் தேரர்கள் எந்தெந்த நாட்டு மக்களிடம் தர்மத்தைக் கொண்டு சென்றார்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், தோசலி, அபராந்தம், வங்கம், வனவாசி என்று போகும் அந்தப் பட்டியலில் தமிளம் என்ற பெயரும் வாசிக்கப்பட்டிருக்கிறது. கல் தேய்ந்த இடம் என்பதால் சில எழுத்துகளை அறிஞர்கள் ஊகித்துத்தான் படித்திருக்கிறார்கள். இருந்தாலும் பிராகிருதத்தில் எழுதிய ஒரு ஆந்திரக் கல்வெட்டில் நம் பெயர் வருவது, ஹைதராபாதில் நாற்பது வருஷம் "மதராஸி" என்று அழைக்கப்பட்ட எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அணைக்கு வருகிறேன். இதிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு, பலருக்கு மறந்துபோன பங்கு. 1950-களின் தொடக்கத்தில் ஆந்திரமும் தமிழகமும் ஒரே சென்னை மாநிலமாக இருந்தபோது, கிருஷ்ணா நீரைப் பெண்ணாற்றுக்குத் திருப்பித் தெற்கே கொண்டுவரும் கிருஷ்ணா–பெண்ணாறு திட்டம் ஒன்றைச் சென்னை அரசு வைத்திருந்தது. எங்கள் தண்ணீர் தமிழர்களுக்குப் போகிறது என்று தெலுங்குப் பகுதிகளில் பெரிய எதிர்ப்பு கிளம்பிற்று. கோஸ்லா குழு வந்து பார்த்தது. நந்திகொண்டா என்ற இடத்தில் அணை கட்டலாம் என்று சொன்னது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. நந்திகொண்டா அணை ஆந்திர, ஹைதராபாத் மாநிலங்களின் கூட்டுத் திட்டமாயிற்று. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் வர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, அதுவும் வேறு வழியாக, தெலுங்கு கங்கைத் திட்டத்தில்.

நந்திகொண்டாவில் அணை கட்டினால் மேலே உள்ள விஜயபுரிப் பள்ளத்தாக்கு முழுவதும் மூழ்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஒரு பக்கம் வறண்ட பல்நாடும் நல்கொண்டாவும். மழையை நம்பிச் சோளம் விதைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு வருஷம் பஞ்சம் பார்க்கிற பூமி. அணை வந்தால் வலது, இடது கால்வாய்களில் சுமார் 22 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மின்சாரம் வேறு. மறுபக்கம், தென்னிந்தியப் பௌத்தத்தின் மிகப் பெரிய இடங்களில் ஒன்று, அதில் பாதிகூட அதுவரை தோண்டப்படவில்லை. அமராவதியைப் போல் உடைத்து எடுத்துக்கொண்டு போகப்படாமல் தப்பித்த இடம் அது. நாடு சோற்றுக்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்பார்த்த காலம். இந்த இரண்டில் எது என்று கேட்டால் 1954-இல் பதில் ஒன்றுதான் இருந்திருக்கும். அதைத் தப்பென்று இன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை, ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

ஆனால் அன்று இருந்தவர்கள் "அணைதான், அதனால் பழசு போனால் போகட்டும்" என்று விடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அணைக்கு அஸ்திவாரக் கல் நாட்டுவதற்கு முன்பே, 1954-இல், தொல்லியல் துறை ஆர். சுப்ரமண்யம் தலைமையில் ஒரு தனிக் குழுவைப் பள்ளத்தாக்குக்குள் இறக்கிவிட்டது. நேரு வந்து கல் நாட்டியது 1955 டிசம்பர் 10. அதாவது அளந்து பார்க்கிறவன் முதலில் வந்தான், கொத்தனார் அப்புறம் வந்தார். இந்த வரிசைதான் முக்கியம். நம் நாட்டில் பிற்பாடு பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடந்திருக்கிறது: பொக்லைன் முதலில் வரும், பானை ஓடு தெறிக்கும், யாராவது போட்டோ எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவார்கள், அப்புறம் அதிகாரி வருவார்.

நிலத்தை ஆய்வு செய்வது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன், படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும். முதல் வேலை நடப்பது. வரிசையாக நின்று, குனிந்த தலை நிமிராமல், நிலம் முழுக்க நடப்பார்கள். உழுத வயலில் மேலே வந்து கிடக்கும் ஓடு, செங்கல் துண்டு, கல் செதில், மண்ணின் நிறம் மாறும் இடம், காரணமில்லாமல் மேடாக இருக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிப்பார்கள். பிறகு சந்தேகமான இடங்களில் சிறு சோதனைக் குழி. அதில் விஷயம் இருந்தால் கட்டம் கட்டமாக நூல் பிடித்து, நடுவில் வரப்பு விட்டு, அடுக்கு அடுக்காக மண்ணை எடுப்பார்கள். வரப்பின் பக்கச் சுவரில் எந்த அடுக்கின் மேல் எந்த அடுக்கு என்று தெரியும். அதுதான் காலக் கணக்கு. புதையல் தோண்டுகிறவனுக்குப் பொருள் போதும். இவர்களுக்குப் பொருள் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் வேண்டும். இடம் தெரியாமல் எடுத்த பானை வெறும் பானைதான். பொக்லைன் பொருளை உடைப்பதைவிட அடுக்கைக் கலைப்பதுதான் பெரிய நஷ்டம், அதை யாரும் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது.

அதற்கு முன் வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்த மேடுகளை, முக்கியமாகப் பௌத்தக் கட்டடங்களைத் தோண்டினார்கள். இந்தத் தடவை பள்ளத்தாக்கு முழுவதும் போகப்போகிறது என்பதால், இது வேண்டும் அது வேண்டாம் என்று பார்க்க வழியில்லை. முழுப் பள்ளத்தாக்கையும் எண் போட்டு எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள். அப்படிப் பார்த்ததனால்தான் கதையே மாறிற்று. பௌத்த நகரம் என்று நினைத்த இடத்தில் பழைய கற்காலக் கருவிகள் கிடைத்தன. நுண்கற்கருவிகள், புதிய கற்காலக் குடியிருப்பு, பிறகு பெருங்கற்காலக் கல்லறைகள், அதற்கு மேல் இக்ஷ்வாகு நகரம், அதற்கும் மேல் இடைக்காலத்துக் கோட்டையும் கோயில்களும். மனுஷன் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போகவே இல்லை போலிருக்கிறது.

நகரத்திலும் முப்பதுக்கும் மேற்பட்ட பௌத்த நிலையங்களோடு, ஆற்றங்கரையில் வரிசையாகச் சிவன், கார்த்திகேயன், எட்டுக் கை விஷ்ணு ஆகியோருக்குக் கோயில்கள் வெளிப்பட்டன. மதில் சூழ்ந்த அரண்மனைப் பகுதி, கல் படித்துறை, அசுவமேத வேள்வியோடு சேர்த்துச் சொல்லப்படும் படிக்கட்டுக் குளம், கடைத்தெருக்கள். நாலு புறமும் படி வரிசை வைத்து நடுவில் செவ்வகத் தரை விட்ட ஒரு அரங்கமும் வந்தது. இந்தியாவில் அப்படி இன்னொன்று காட்டுவது கஷ்டம். மல்யுத்தமா, நாடகமா, என்ன நடந்தது என்று இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரோமானியப் பொற்காசுகளும் கிடைத்தன.

ஸ்தூபங்களின் உள்கட்டுமானத்தை நம் எஞ்சினியர் நண்பர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் முழுக்கச் செங்கல்லால் ஆன அரைக்கோளம் போலிருக்கும். உள்ளே வண்டிச் சக்கரம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால் மாதிரிச் சுவர்கள், வெளியே வட்டச் சுவர். இடையில் உள்ள அறைகளில் மண்ணை இட்டு நிரப்பி மேலே மூடியிருக்கிறார்கள். செங்கல் மிச்சம், பலமும் குறையவில்லை. சிலவற்றில் நடுவில் ஸ்வஸ்திக வடிவம். நாலு திசையிலும் மேடை வைத்து ஒவ்வொன்றிலும் ஐந்து தூண்கள். புத்தர் வாழ்க்கையின் ஐந்து கட்டங்களுக்கு அவை.

எனக்கு மிகவும் பிடித்தவை சாயா ஸ்தம்பங்கள். "நிழல் தூண்" என்று சொல்லலாம். இறந்தவர்களின் நினைவுக்கு நட்ட தூண்கள். மன்னனுக்கு மட்டும் அல்ல, போரில் விழுந்த படைத்தலைவனுக்கு, வீரனுக்கு, ஒரு கைவினைஞர் தலைவனுக்குக்கூட நட்டிருக்கிறார்கள். தூணில் அவரவர் வாழ்க்கைக் காட்சிகள். நடுகல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகவே தோன்றாது. பேரும் தொழிலும் எழுதிய தூண் ஒன்று ஒரு தச்சனுக்கோ சிற்பிக்கோ கிடைப்பது நம் வரலாற்றில் எவ்வளவு அபூர்வம்! பெரிய மேடுகளை மட்டும் தோண்டியிருந்தால் இவற்றில் எத்தனை கைக்கு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1960-இல் அகழாய்வு முடிந்தது. அடுத்த கேள்வி, கண்டுபிடித்ததை என்ன செய்வது. ஒரு கட்டடத்தைப் பெயர்த்து வைப்பது, வீடு மாற்றும்போது பீரோவைக் கழற்றி மாட்டுவது மாதிரி அல்ல. முதலில் முழுக்க அளந்து வரைந்து படம் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் வேண்டும். கழற்றியதை உடையாமல் மேலே ஏற்ற வேண்டும். அங்கே பழைய திசையிலேயே, பழைய அளவிலேயே திரும்ப அடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இடங்களுக்கு இதைச் செய்ய முடியாது. முக்கியமான ஒன்பது கட்டடங்களை நாகார்ஜுனகொண்டா மலை மேல் திரும்பக் கட்டினார்கள். இன்னும் பதினான்கை, கிழக்குக் கரையில் அனுப்பு என்ற இடத்தில் பெரிய மாதிரிகளாக அமைத்தார்கள். அரங்கத்தையும் அங்கேதான் பார்க்கலாம். சிற்பங்களும் கல்வெட்டுகளும் மலை மேல் மியூசியத்துக்குப் போயின. மியூசியம் திறந்தது 1966. கால்வாய்களில் தண்ணீர் விட்டது 1967. பள்ளத்தாக்கு நிரம்பிற்று, மலை தீவாயிற்று. பேத்தியின் கேள்விக்கு இதுதான் பதில்.

கல்லையும் செங்கல்லையும் பற்றிப் பேசும்போது அங்கே குடியிருந்தவர்களை மறக்கக் கூடாது. புல்லாரெட்டிகூடெம் போன்ற குடியிருப்புகள் பள்ளத்தாக்கில் இருந்தன. அகழாய்வில் மண் சுமந்தது பெரும்பாலும் சுற்று வட்டாரத்து ஏழை ஜனங்கள்தான் என்று நினைக்கிறேன். ஸ்தூபத்துக்கு மலை மேல் இடம் கிடைத்தது. அவர்கள் எங்கெங்கே சிதறினார்கள் என்று எந்த மியூசியத்திலும் ஒரு பலகை நான் பார்க்கவில்லை.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். தோண்டி முடித்தது 1960. அறிக்கையின் முதல் தொகுதி, வரலாற்றுக்கு முற்பட்ட காலம் பற்றியது, வந்தது 1975-இல். இக்ஷ்வாகு காலத்தைப் பற்றிய இரண்டாம் தொகுதி கே.வி. சௌந்தரராஜன் முதலியவர்கள் எழுதி வெளியானது 2006-இல். நாற்பத்தாறு வருஷம்! தண்ணீர் மூடிய இடத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. குறிப்பேடும் வரைபடமும்தான் இனி அந்த இடம். அப்படிப்பட்ட அறிக்கை தோண்டியவர்களில் பலர் காலமான பிறகு வருகிறது என்றால், காப்பாற்றியதில் ஒரு பகுதியை மேஜை அறையில் தொலைத்தோம் என்றுதான் அர்த்தம்.

இந்த வேலையில் பெற்ற அனுபவம் வீண்போகவில்லை. அஸ்வான் அணைக்காக நூபியாவில் பல நாட்டுக் குழுக்கள் தோண்டியபோது, 1961-62-இல் பி.பி. லால் தலைமையில் இந்தியக் குழுவும் அஃப்யே என்ற இடத்தில் தோண்டிற்று. கிருஷ்ணாவிலேயே மேலே ஸ்ரீசைலம் அணை வந்தபோது, மூழ்கவிருந்த கூடவல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி ஆலம்பூரில் கொண்டுவந்து கட்டினார்கள். ஜோகுளாம்பா கோயிலுக்குப் போகிற நம்மவர்கள் பக்கத்திலேயே அதைப் பார்க்கலாம். பழைய இடத்தில் இருந்த கோயில் அது என்று தோன்றாத அளவுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

ஆனால் சட்டமாக என்ன ஆயிற்று என்று பார்த்தால் மனம் அவ்வளவு நிறையவில்லை. 1958-இல் வந்த தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதற்கு 2010-இல் வந்த திருத்தமும், பட்டியலில் உள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் மத்திய அரசின் பட்டியலில் இருப்பவை 3,700-க்கும் சற்றுக் குறைவு. பட்டியலில் இல்லாத நிலத்தை ஆலைக்கு எடுக்கும்போது, முதலில் நடந்து பார்த்துவிட்டு வா என்று கண்டிப்பாகச் சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதிப் படிவத்தில் பாதுகாக்கப்பட்ட இடம் பக்கத்தில் உண்டா என்று ஒரு கேள்வி உண்டு. யாரும் இதுவரை பார்க்காத இடத்தை அந்தக் கேள்வி எப்படிப் பிடிக்கும்? இங்கிலாந்தில் 1990-இலேயே, கட்டுகிறவர் தன் செலவில் முதலில் ஆய்வு செய்துவிட்டுத்தான் திட்ட அனுமதி கேட்க வேண்டும் என்ற நடைமுறை கொண்டுவந்துவிட்டார்கள். பட்டியலில் உள்ளவற்றின் கதியும் பிரமாதம் இல்லை. ஐம்பது சின்னங்களைக் காணவில்லை என்று பாராளுமன்றக் குழுவிடம் கலாச்சார அமைச்சகம் சொன்ன செய்தி 2023 தொடக்கத்தில் வந்தது: பதினான்கு நகர வளர்ச்சியில் போயின, பன்னிரண்டு நீர்த்தேக்கங்களில் மூழ்கின, இருபத்துநாலு எங்கே என்றே தெரியவில்லை.

தூரத்துக்குப் போக வேண்டாம். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கச்சிபவுலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. பேராசிரியர் கே.பி. ராவ் அங்கே தோண்டி, இரும்புப் பொருள்களைக் கண்டெடுத்து, அவை கி.மு. 2000-க்கும் முந்தியவை என்று அறிவித்தபோது எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். தமிழக அரசு 2025 ஜனவரியில் சிவகளை முதலிய இடங்களின் இரும்பை கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுபோய்விட்டதால் இப்போது அந்தப் புருவங்கள் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். விஷயம் அதுவல்ல. வளாகம் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்ததனால் அந்தக் கல்லறைகள் பிழைத்தன. வெளியே அதே பாறை நிலம், அதே மண். அங்கே எழுந்த கண்ணாடிக் கட்டடங்களின் அஸ்திவாரக் குழியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய நானூறு ஏக்கரை ஐ.டி. வளாகத்துக்காக 2025 மார்ச்சில் சுத்தம் செய்யத் தொடங்கி, மாணவர்கள் போராடி, ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அதில் பெரிதாகப் பேசப்பட்டது மரங்களும் மான்களும்தான். சரியான பேச்சுதான். மண்ணுக்குள் இருப்பதற்கு மான் மாதிரி ஓடத் தெரியாது, கத்தத் தெரியாது, அதனால் அதற்காகப் பேசுகிறவர்கள் குறைவு.

எனக்கு யோக்கியதை இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஹைதராபாதுக்குக் குடிதண்ணீர் போதாமல், 2004 முதல் கிருஷ்ணா நீரை நாகார்ஜுன சாகரிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள். அதற்கு முன்னால் லாரித் தண்ணீருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் குடத்தோடு நின்ற பெண்களில் என் மனைவியும் ஒருத்தி. இன்று எங்கள் பேட்டையில் குழாயைத் திறந்தால் வருவது விஜயபுரியின் மேல் நின்ற தண்ணீர். காலையில் டிகாக்‌ஷன் போடுவதும் அதில்தான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தீவு மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் போய், அணையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நம்மில் உண்டு. லாஞ்ச் நீர்மட்டத்தைப் பொறுத்து ஓடும், முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுப்புக்கு லாஞ்ச் வேண்டாம், சாலை வழியாகவே போகலாம். பெரும்பாலானவர்கள் அங்கே போவதில்லை. அந்த அரங்கத்தின் படியில் உட்கார்ந்து, கீழே நின்று பேசுகிறவரின் குரல் எப்படிக் கேட்கிறது என்று குழந்தைகளைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் பேத்தி கீழே போய் நின்று, எதிரில் இருந்த பாட்டியிடம் மெதுவாக, "பாட்டி, புளியோதரை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். மேல் படி வரை கேட்டது.